சோற்றைக் கிளறிய பென்சில்

ஞானம்மாளுக்கு எதைக் கண்டாலும் குமட்டும். அவளைத் தெரிந்த எல்லோருக்கும் இது தெரியும். அடுத்த வீட்டுத் தம்ளரில் தண்ணீர் குடிக்க மாட்டாள். கல்யாண வீட்டில் பரிமாறுகிறவன் நெற்றி வியர்வையைத் துடைத்த கையாலேயே அப்பளம் எடுக்கிறானா என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, கடைசியில் மோரை மட்டும் குடித்து எழுந்து வந்துவிடுவாள். சர்ச்சில் எல்லோரும் வாய் வைக்கிற இராப்போஜனக் கிண்ணம் ஆண்கள் பக்கம் முடிந்து, பாதிரி ஐயர் விளிம்பைத் துடைத்துவிட்டுப் பெண்கள் பக்கம் திரும்பினால், முதல் ஆளாக ஓடிப்போய் முழங்கால் போடுவது அவள்தான். ஊர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டது. பக்தியும் இருந்தது, யார் இல்லை என்றது? ஆனால் வெற்றிலை போடுகிற கிழவிகளுக்குப் பிறகு அந்தக் கிண்ணத்தில் வாய் வைக்க அவளால் ஆகாது.

அப்படிப்பட்டவளுக்கு வாய்த்ததோ மண்டியில் கடலை உடைக்கிற வேலை. தூசி, எலிப் புழுக்கை, பூசணம் பிடித்த பருப்பு, பக்கத்தில் இருப்பவளின் கைக்குழந்தை நனைத்த சாக்கு, எல்லாவற்றுக்கும் நடுவில் முந்தானையை மூக்கோடு சேர்த்து இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஆந்திராவில், ரேணிகுண்டாவுக்கும் நகரிக்கும் நடுவே பாசஞ்சர் வண்டி நிற்கிற ஒரு ஊர் அது. பெயர் வேண்டாம், சொன்னால் இன்றைக்கும் சண்டைக்கு வருகிற ஆட்கள் இருக்கிறார்கள். புருஷன் அசரியா ரேணிகுண்டா ரயில்வேயில் கலாசி, கையாள் வேலை. காலை வண்டியில் போய் மாலை வண்டியில் திரும்புவான். சாது. வாயைத் திறப்பதற்கே யோசிக்கிற மனுஷன். ஒரே மகள் ஜெயகுமாரி, பத்து வயது, ஐந்தாம் வகுப்பு.

அம்மாவுக்கு நேர் எதிர் அந்தப் பெண். எதைப் போட்டாலும் தின்பாள். கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் போட்டால் போதும், வாய் ஓயாமல் பேசிக்கொண்டே வட்டிலை வழித்துவிடுவாள். "மெதுவா துன்னுடி, வண்டியா போவுது?" என்று ஞானம்மாள் அதட்டுவாள். அதட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவாள். மகள் சாப்பிடும்போது மட்டும் அவளுக்கு எதுவும் குமட்டுவதில்லை. கீழே சிந்திய பருக்கையைக்கூட எடுத்துத் தன் வாயில் போட்டுக்கொள்வாள்.

ஜெயகுமாரி படித்தது மிஷன் பள்ளிக்கூடம். அந்தச் சுற்றுவட்டாரத்தில் தமிழில் படிக்க அதை விட்டால் வேறு கிடையாது. ரயிலடிக்கு அந்தப் பக்கம் போர்டு ஸ்கூல் இருந்தது, எல்லாம் தெலுங்கு. கிறிஸ்தவப் பிள்ளைகள், நகரித் தறிக்காரர்களின் பிள்ளைகள், தமிழ் பேசுகிற வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மிஷன் பள்ளியில்தான் குவிந்தார்கள். பள்ளிச் சம்பளம், புத்தகம், சீருடை எல்லாவற்றையும் வெளிநாட்டுச் சங்கம் ஒன்று ஏற்றுக்கொண்டிருந்தது. அதற்கு ஸ்கீம் என்று பெயர். ஸ்கீமில் பெயர் இருந்தால் படிக்கலாம். இல்லையென்றால் அசரியா மாதிரி ஆட்களுக்கு ரயிலடிக்கு அந்தப் பக்கம்தான் வழி.

எழுபத்து நாலிலோ ஐந்திலோ அந்தச் சங்கத்துக்காரர்களுக்குப் புதிதாக ஒரு யோசனை வந்தது. பிள்ளைகளை மாதாமாதம் நிறுத்துப் பாருங்கள், மதியச் சாப்பாட்டுக்கு என்ன கொண்டுவருகிறார்கள் என்று கவனியுங்கள், மெலிந்த பிள்ளைக்கு உதவுங்கள், உடம்பு தேறிய பிள்ளையின் இடத்தில் வேறு ஏழைப் பிள்ளையைச் சேருங்கள் என்று எழுதிவிட்டார்கள். அவர்கள் எழுதியது என்னவோ நல்ல மனசோடுதான். அதைப் படித்தவர் கரஸ்பாண்டன்ட் சுந்தர்ராஜ். பள்ளி நிர்வாகம் முழுக்க அவர் கையில். கழுத்துவரை பட்டன் போட்ட வெள்ளைச் சட்டை, சட்டைக்கு மேலே தளும்புகிற தாடை. அவர் அந்தக் கடிதத்தைப் படித்துப் புரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளைகள் மெலிந்தே இருக்க வேண்டும். பிள்ளை தேறி, வயதுக்குக் குறித்த எடைக் கோட்டைத் தாண்டினால் பெயரை அடிக்க வேண்டும். அந்த இடத்துக்கு இன்னொரு மெலிந்த பிள்ளையைத் தேடி, போட்டோ எடுத்து, சங்கத்துக்கு எழுதி, அவர்கள் சரி என்று சொல்லும்வரை அந்த இடத்துக்கான பணம் நின்றுபோகும். யாருக்கு வேண்டும் அந்தத் தலைவலி?

தராசு வாங்கக் காசை வீணாக்குவானேன் என்று மண்டியில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசை மாதம் ஒரு நாள் கட்டைவண்டியில் வரவழைத்தார். ஞானம்மாள் உடைத்த பருப்பை எந்தப் பலகையில் ஏற்றினார்களோ அந்தப் பலகையில் அவள் மகளை ஏற்றினார்கள். பலகையின் இடுக்கெல்லாம் கடலைத் தோலும் புழுக்கையும் அடைந்திருக்கும். பிள்ளைகள் செருப்பில்லாத காலோடு ஏறி நிற்பார்கள். தபீதாள் டீச்சர் முள்ளைப் பார்த்து உரக்கச் சொல்லுவாள், வராந்தா முழுக்கக் கேட்கும். கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிற பிள்ளை ஏறினால் மற்றதுகள் "மூட்டை, மூட்டை" என்று கத்தும். டீச்சரும் சிரிப்பாள். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பார்த்து யாரும் சிரிப்பதில்லை.

இதெல்லாம் ஞானம்மாளுக்குக் காதில் விழுந்துகொண்டுதான் இருந்தது. பிடிக்கவில்லை. ஆனாலும் படிப்பு ஓசியில் வருகிறது, நமக்கெதற்கு வாய் என்று இருந்தாள். அவள் வாயைத் திறக்க வைத்தது ஒரு ஊதாப் புள்ளி.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜெயகுமாரியின் டிபன் டப்பா கனத்தது. திறந்தால் சோறு அப்படியே இருக்கிறது. சோற்றுக்கு நடுவே குழியாக ஒரு ஓட்டை, ஓட்டையைச் சுற்றி ஊதா நிறம் கசிந்து பருக்கை பருக்கையாக ஏறியிருக்கிறது.

"இன்னாடி இது? மை கொட்டிகினியா?"

"இல்லம்மா. கரஸ்பாண்டன்ட் ஐயா பென்சிலு."

"பென்சிலு சோத்துல எப்படி வந்திச்சி?"

மகள் விவரமாகச் சொன்னாள். வெள்ளிக்கிழமை மதியம் பிள்ளைகளை வேப்பமரத்தடியில் வரிசையாக உட்காரவைத்து, மூடியைத் திறந்து வைக்கச் சொல்வார்களாம். சுந்தர்ராஜ் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டே வருவாராம். மேலே வெறும் சோறும் ரசமும் தெரிந்தாலும் விடமாட்டாராம். கையிலிருக்கிற, நனைந்தால் ஊதாவாக எழுதுகிற காப்பிங் பென்சிலைச் சோற்றுக்குள் விட்டுக் கிளறி, அடியில் மீனோ முட்டையோ இருக்கிறதா என்று பார்ப்பாராம். அப்புறம் பென்சில் முனையை நாக்கில் வைத்து நனைத்து எழுதிக்கொண்டு, அதே பென்சிலை அடுத்த பிள்ளையின் டப்பாவுக்குள் விடுவாராம்.

"தொடைக்க மாட்டாரா?"

"நாக்குலதாம்மா தொடைப்பாரு. அவரு நாக்கு ஊதாவா கீது. அதான் துன்னல."

ஞானம்மாள் டப்பாவைத் தூக்கிக்கொண்டு கொல்லைப் பக்கம் ஓடினாள். சோற்றைக் கொட்டினாள், டப்பாவைச் சாம்பல் போட்டுத் தேய்த்தாள், மண் போட்டுத் தேய்த்தாள், வெந்நீர் ஊற்றினாள். ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் எச்சிலெல்லாம் அந்த ஒரு மனுஷன் வாய் வழியாகப் போய்த் தன் மகள் சோற்றில் இறங்கியிருக்கிறது என்று நினைக்க நினைக்க மறுபடியும் மண்ணை அள்ளிப் போட்டுத் தேய்த்தாள். சீ, இதுவும் ஒரு படித்த மனுஷன் செய்கிற காரியமா!

இரண்டு வாரம் கழித்து ஜெயகுமாரிக்குக் காய்ச்சல் வந்து இறங்கியது. பிள்ளை கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்து எழுந்தது. மனசு கேட்கவில்லை அம்மாவுக்கு. ஒரு முட்டையைத் தோசைக்கல்லில் ஊற்றிச் சுட்டு, சோற்றுக்கு அடியில் வைத்துக் கொடுத்தனுப்பினாள். கிழமையை மறந்துபோனாள். அன்றைக்கு வெள்ளிக்கிழமை.

பள்ளி விட்டதும் ஆள் வந்துவிட்டது, ஐயா கூப்பிடுகிறார் என்று. சுந்தர்ராஜ் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார். ஞானம்மாள் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. வாயைத்தான் பார்த்தாள். பேசும்போதெல்லாம் உள்ளே ஊதா நிறம் தெரிந்தது.

"சோத்துக்கு அடியில முட்டைய மறைச்சு வெச்சு அனுப்புறியாம்மா?"

"மறைக்கல ஐயா. மேல வெச்சா பக்கத்துப் புள்ளைங்க புடுங்கித் துன்னுடுது."

"முட்டை வாங்க வசதி இருக்குது. அப்புறம் ஸ்கீம் எதுக்கு?"

"காய்ச்சல்ல கெடந்த புள்ள ஐயா. அதுவும் ஒடைசல் முட்டை. ஒங்க வூட்டு அம்மாகிட்டதான் வாங்கினேன்."

"எங்க வாங்கினா என்ன? முட்டை முட்டைதானே?"

அவர் வீட்டுப் பின்பக்கம் கோழிக்கொட்டகை இருந்தது, எல்லாம் வெள்ளை லெகார்ன். ஓடு விரிசல் விட்ட முட்டைகளை அவர் சம்சாரம் கொல்லைக் கதவண்டை குறைந்த விலைக்குக் கொடுப்பாள். ஊரில் பாதிப் பிள்ளைகள் முட்டையின் ருசி கண்டது அந்தக் கதவண்டைதான். இதைத் தனக்குத் தெரியாதது மாதிரி அந்த மனுஷன் சொன்னதுதான் ஞானம்மாளுக்குப் பொறுக்கவில்லை. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை.

"இன்னொண்ணு கேக்குறேன். பிடி அரிசி ஒன் வூட்ல இருந்துதான் நெறைய வருதுன்னு சர்ச்சுல பேசிக்கிறாங்க. இல்லாத வூட்ல இருந்து அரிசி எப்படிம்மா அவ்வளவு வரும்?"

பிடி அரிசி என்பது அந்தச் சபையில் வழிவழியாக வருகிற காணிக்கை. உலை வைக்கும்போதெல்லாம் களைவதற்கு முன்னால் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும், ஞாயிற்றுக்கிழமை பையில் கட்டிக்கொண்டுபோய் சர்ச்சில் இருக்கிற பெரிய தகர டின்னில் கொட்ட வேண்டும். ஞானம்மாள் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. குறைந்த நாளில் தன் பங்கிலிருந்து எடுத்தாள். குறையாத நாளில் வீட்டுப் பொதுவிலிருந்து எடுத்தாள். கர்த்தருக்குக் கொடுப்பது வீண்போகாது என்று நம்பினாள்.

அந்த அரிசி எங்கே போயிற்று என்று கேட்டால் சொல்வதற்கே கூசுகிறது. ஒரு வீட்டு அரிசி புழுங்கல், ஒரு வீட்டு அரிசி பச்சை, ஒரு வீட்டில் ரேஷன், இன்னொரு வீட்டில் நொய். எல்லாம் ஒரே டின்னில் கலந்தால் எந்த மகராசி உலையில் போடுவாள்? பாதி குழைந்து கூழாகும், பாதி வேகாமல் பல்லில் தட்டும். ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் போடுவார்கள். யாரும் வாய் திறக்க மாட்டார்கள். கடைசியில் கரஸ்பாண்டன்ட் சம்சாரம் எழுந்து, ஏதோ பெரிய உபகாரம் செய்கிற மாதிரி ஒரு விலை சொல்லி எடுத்துக்கொள்வாள். எல்லாம் கோழிக்கு. இது சபை முழுக்கத் தெரிந்த விஷயம். ஞானம்மாளுக்கும் தெரியும். காணிக்கை போட்ட பிறகு கர்த்தர் பாடு, ஏலக்காரர் பாடு என்று இருந்தவள்தான். அந்த அரிசியையே எடுத்துத் தன் மேல் குற்றமாக வீசுவார்கள் என்று மட்டும் அவள் நினைக்கவில்லை.

"வர்ற திங்கக்கிழமை நிறுவை இருக்கு," என்றார் சுந்தர்ராஜ். "ஒன் பொண்ணு போன தடவை கோட்டைத் தொட்டுட்டா. காய்ச்சல்ல எறங்கியிருக்கும், பாப்போம். கோட்டுக்குக் கீழ இருந்தா பேர் இருக்கும். மேல இருந்தா நான் ஒண்ணும் செய்ய முடியாது. சங்கத்து விதி."

வீட்டுக்கு வந்து அசரியாவிடம் கொட்டினாள். அவன் கால் கழுவிக்கொண்டே கேட்டான், துண்டால் துடைத்துக்கொண்டே யோசித்தான்.

"போர்டு ஸ்கூல்ல போட்டுடலாம்மே. தெலுங்குல பட்சா இன்னா? நான் வேலை பாக்கற எடத்துல எல்லாம் தெலுங்குதான்."

"ஒனக்கின்னா, சொல்லுவ. சூளூர்பேட்டைல எந் தங்கச்சி புள்ளைங்க தெலுங்குலதான் பட்சிதுங்க. சர்ச்சுல பாட்டுப் பொஸ்தகத்தத் தலகீழா புட்சிக்கினு நிக்குதுங்க. நாளைக்கு எனக்கு ஒரு காயிதம் எழுதணும்னாகூட எந்தப் பாஷைல எழுதுவா? நான் யார்கிட்ட போய்ப் படிச்சிக் காட்டச் சொல்லுவேன்?"

அசரியா மறுபடி யோசிக்கப் போய்விட்டான். அவனிடம் இனி நாளைக்குத்தான் பதில் வரும்.

பதில் சொன்னது பக்கத்து வீட்டு ரத்னம்மா. அவள் புருஷன் நகரியில் பவர்லூம் ஓட்டுகிறவன். மகள் வள்ளியும் அதே பள்ளியில், அதே ஸ்கீமில்.

"இதுக்கு ஏன்க்கா இப்படி மண்டைய ஒட்ச்சிக்கிற? ஊர்ல அல்லாரும் பண்றதுதான். சனி, ஞாயிறு கஞ்சித் தண்ணியோட நிறுத்திடு. நிறுக்கற அன்னிக்கு வெடியகாலைல வெளக்கெண்ண குடு. வயிறு சுத்தமா பூடும். முள்ளு தன்னால எறங்கும்."

"தூ! காய்ச்சல்ல கெடந்த புள்ளைக்காடி வெளக்கெண்ண?"

"அப்ப முட்டை துன்ன வெச்சிக் கூட்டிகினு போ. பேர அடிக்கட்டும்."

ஞானம்மாள் அன்றைக்கு ரத்னம்மா மேல் கோபப்பட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்காக அவள் செய்யாமல் விட்டாள் என்று நினைக்க வேண்டாம். செய்தாள். சனிக்கிழமை கஞ்சியை வடித்துத் தண்ணீரை மட்டும் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து வந்ததும், "பசிக்குதும்மா" என்ற பிள்ளைக்கு உப்புப் போட்ட தண்ணீரைக் கொடுத்தாள். அவள் எதிரில் தானும் தின்னாமல் உட்கார்ந்தாள். பெரியவள் பட்டினி கிடந்தால் சின்னது பசி அடங்குமா? ஏதோ நியாயம் செய்வதாக அவளுக்கு ஒரு நினைப்பு.

திங்கட்கிழமை விடிந்ததும் விளக்கெண்ணெயைக் கரண்டியில் ஊற்றிக்கொண்டு வந்தாள். ஜெயகுமாரி வாசனை பட்டதுமே முகத்தைத் திருப்பினாள்.

"வாணாம்மா. வாந்தி வருதும்மா."

"குட்சிடுடி என் கண்ணில்ல. பேர் இருக்கணும்ல?"

"நேத்திக்கும் ஒண்ணியும் துன்னலியே. எதுக்கும்மா எண்ணெ?"

கேள்விக்குப் பதில் இல்லாதபோது பெரியவர்கள் என்ன செய்வார்களோ அதைத்தான் ஞானம்மாளும் செய்தாள். மகளின் மூக்கை இரண்டு விரலால் பிடித்து, தலையைத் தன் தொடைமேல் சாய்த்து, வாய் திறந்ததும் உள்ளே ஊற்றினாள். பிள்ளை காலை உதைத்தது. எண்ணெய் கழுத்து வழியாக வழிந்தது. வழிந்ததை விரலால் வழித்து மறுபடியும் வாயில் விட்டாள். அவளுக்கு அப்போது குமட்டவில்லை. அதுதான் கொடுமை.

நிறுவை நாளில் தாய்மார்கள் கம்பி வேலிக்கு வெளியே நின்று பார்ப்பார்கள். ஞானம்மாள் மண்டிக்குப் போகாமல் அங்கேதான் நின்றாள். ரத்னம்மாவும் பக்கத்தில் இருந்தாள். வராந்தாவில் தராசு. நாற்காலியில் சுந்தர்ராஜ், காதில் பென்சில். வரிசையில் நிற்கிற பிள்ளைகளில் பாதி சுவரில் சாய்ந்திருந்தன. சில வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்போதுதான் ஞானம்மாளுக்கு உறைத்தது, ரத்னம்மா சொன்னது பொய்யில்லை. எல்லார் வீட்டிலும் அன்றைக்குக் கரண்டியில் அதே எண்ணெய்தான். இத்தனை தாய்மார் ஒரே காலையில் பெற்ற பிள்ளையின் மூக்கைப் பிடித்திருக்கிறார்கள், இந்த ஒரு நாற்காலிக்காக.

ஜெயகுமாரி முறை வந்தது. அவள் தபீதாள் டீச்சரிடம் என்னவோ கேட்டாள், கொல்லைக்குப் போகவேண்டும் என்று இருக்கும். டீச்சர், "நிறுத்துட்டுப் போ, அப்புறம் வரிசை கலையும்," என்று தோளைப் பிடித்து ஏற்றிவிட்டாள். பிள்ளை பலகைமேல் ஏறியது. காலை இடுக்கிக்கொண்டு நின்றது. முகம் வெளுத்தது, கண் வேலிப் பக்கம் திரும்பி அம்மாவைத் தேடியது. கண்டுபிடித்த அந்த நிமிஷமே அடக்க முடியாமல் போய்விட்டது. பாவாடையை நனைத்துக் கால் வழியாக இறங்கி, பலகை முழுக்க.

"மூட்டை" என்று கத்துகிற பிள்ளைகள்கூட அன்றைக்குக் கத்தவில்லை. டீச்சர் இரண்டடி பின்னால் போனாள். சுந்தர்ராஜ் கைக்குட்டையை எடுத்து மூக்கில் வைத்துக்கொண்டார்.

"சீ! சீ! என்னம்மா இது, மாட்டுக்கொட்டகையா?"

சொல்லிவிட்டு, கைக்குட்டையை எடுக்காமலே, எட்டி முள்ளைப் பார்த்தார். பார்த்ததும் முகம் தெளிந்தது.

"கோட்டுக்கு நல்லாவே கீழ. சரி, பேர் இருக்கட்டும்."

ஞானம்மாள் உள்ளே ஓடிவந்து மகளை இறக்கினாள். முந்தானையால் காலைத் துடைத்தாள். அந்தப் பெண் அழவில்லை. பத்து வயதுப் பிள்ளை அந்த நேரத்தில் அழாமல் இருந்தால் அது நல்லதற்கில்லை.

"அந்தப் பலகையக் கழுவி விட்டுடும்மா," என்றார் சுந்தர்ராஜ். "சாயங்காலம் மண்டிக்குத் திருப்பி அனுப்பணும்."

அவள் கழுவினாள்! நம்பினால் நம்புங்கள். அடுத்த வீட்டுத் தம்ளரைத் தொடாத ஞானம்மாள், தொட்டித் தண்ணீரை வாளியில் மொண்டு வந்து, கடலைத் தோலோடும் எலிப் புழுக்கையோடும் கலந்து கிடந்ததைக் கையாலேயே தள்ளிக் கழுவினாள். பேர் இருக்கிறதே, அந்த நன்றி. பாதி கழுவியிருப்பாள், மேலே பேச்சுக் குரல் கேட்டது.

"டீச்சர், அந்தப் பொண்ண அப்படியே சுவத்தோரமா நிக்க வைங்க. போட்டோகாரர் வந்துடுவார். மூஞ்சி நல்லா வாடியிருக்கு. சங்கத்துக்கு இந்த மாதிரிதான் அனுப்பணும். பாவாடை தெரியாம மேலாக எடுத்துக்கலாம்."

ஞானம்மாள் வாளியை வைத்துவிட்டு எழுந்தாள். கையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது. துடைத்துக்கொள்ளவில்லை. நேராக நாற்காலி முன்னால் போய் நின்றாள். சுந்தர்ராஜ் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

"எம் புள்ள வாயிலேந்து புடுங்கி நான் போட்ட அரிசிய ஒங்க கோழி துன்னுது. அந்தக் கோழி போட்ட முட்டைய எம் புள்ள துன்னா பேர அடிப்பேன்றீங்க. துன்னாம வாடி வயித்தால போனா போட்டோ புடிக்கிறீங்க. நீங்கள்லாம் சோறுதான் துன்றீங்களா?"

"ஏய், வார்த்தைய அளந்து பேசு. பேர் இருக்குன்னுதான் சொல்லிட்டேனே. இன்னும் என்ன வேணும் ஒனக்கு?"

"பேரா? அத்த நீயே வெச்சிக்கினு நக்கு!"

ஊரில் யாரும் அவரை அதுவரை ஒருமையில் பேசியதில்லை. ஞானம்மாள் பேசினாள். பேசியதோடு நிற்காமல், தெருவில் யாராவது துப்பினால்கூடச் சுற்றிப் போகிறவள், அவர் காலடியில் காறித் துப்பினாள். பிறகு மகளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்தக் கோலத்தோடேயே வேலியைத் தாண்டி வந்தாள். வேலியோரம் நின்ற தாய்மார்கள் வழிவிட்டார்கள். ரத்னம்மா தலையைக் குனிந்துகொண்டாள். அடுத்து நிற்க வேண்டியது அவள் மகள் வள்ளி.

இதனால் பள்ளி திருந்தியது, சங்கத்துக்காரர்கள் வந்து விசாரித்தார்கள் என்றெல்லாம் கதை அளக்க நான் தயாரில்லை. அடுத்த வெள்ளிக்கிழமையும் பென்சில் சோற்றுக்குள் போயிற்று. அடுத்த மாதமும் தராசு வண்டியில் வந்தது. ஞானம்மாளைச் சபையில் ஆறு மாதம் யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. கரஸ்பாண்டன்ட் மேல் எச்சில் துப்பியவள் என்று பேர். பென்சிலில் எச்சில் தொட்டவருக்கு ஒரு பேரும் கிடையாது.

அசரியா இந்தத் தடவை யோசிக்கவில்லை. அரை நாள் லீவு போட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ரயிலடியைத் தாண்டினான். போர்டு ஸ்கூல் ஹெட்மாஸ்டர் வெற்றிலை குதப்பிக்கொண்டே, "நீ பேரேமிடி அம்மா?" என்று பெயரைக் கேட்டார். ஜெயகுமாரி தெலுங்கில் பதில் சொன்னாள், தெருவில் விளையாடிக் கற்ற தெலுங்கு. எழுத்துத் தெரியாததால் இரண்டு வகுப்புக் கீழே உட்காரவைத்தார்கள். யாரும் நிறுக்கவில்லை. மதியம் டப்பாவை யாரும் எட்டிப் பார்க்கவில்லை. அது போதும் என்றாள் ஞானம்மாள். தமிழ் எழுத்து மறக்காமல் நான் வீட்டில் சொல்லித்தருகிறேன், காகிதம் எழுதுவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். ஜெயித்துவிட்ட மாதிரிதான் இருந்தது அவளுக்கு.

அந்தச் சனிக்கிழமை அசரியா ரேணிகுண்டாவிலிருந்து கறி வாங்கி வந்தான். ஞானம்மாள் மிளகு அரைத்துப் போட்டுக் குழம்பு வைத்தாள். வெயில் தாழ்வதற்குள் மகளை உட்காரவைத்து, சோற்றைக் குவித்து, நல்லி எலும்பாகப் பொறுக்கி மேலே வைத்தாள். எதிரில் கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். துன்னுடி, நல்லா துன்னு, இன்னிக்கு ஒன்ன யாரும் கேக்க மாட்டாங்க என்றாள்.

ஜெயகுமாரி இரண்டு வாய் தின்றாள். மூன்றாவது வாயை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எம்மா, இத்த பூராவும் துன்னா எண்ணெ குடுப்பியா?"

அசரியா கதவண்டையிலிருந்து திரும்பிப் பார்த்தான். ஞானம்மாள் கன்னத்திலிருந்து கையை எடுத்தாள்.

"இல்லடி. இன்மே எப்பவும் குடுக்க மாட்டேன்டி."

பிள்ளை சரி என்று தலையாட்டியது. கையிலிருந்த உருண்டையைத் தட்டிலேயே வைத்தது. பிறகு விரலால் சோற்றுக்கு நடுவே ஒரு கோடு இழுத்து, பாதியை ஓரமாகத் தள்ளிவிட்டு, அம்மாவுக்கு முதுகு காட்டித் திரும்பி உட்கார்ந்து மிச்சப் பாதியைத் தின்றது.